நாலு இடத்துல எம்.எஸ்.டபிள்யூ. வாய்ப்பு, எதுல சேர்றது?

போளூர்ப் பொண்ணு | 11 மே 2025, இரவு 9.40

பி.ஏ. ஆங்கிலம், அரசு கலைக் கல்லூரி. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை)தான்னு முடிவு பண்ணியாச்சு, அதுல மாற்றம் இல்லை. அதுல மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் (மருத்துவ, மனநலச் சமூகப்பணி) பிரிவு எடுக்க ஆசை. சென்னையில பேர் சொல்ற கல்லூரி ஒண்ணுல சுயநிதிப் பிரிவுல இடம் கிடைக்கும். திருச்சியில ஒரு கல்லூரியில அரசு உதவி பெறும் பிரிவு, கட்டணம் ரொம்பக் கம்மி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் கழகம்) ரெண்டுக்கும் சி.யூ.இ.டி. பொது நுழைவுத் தேர்வு மார்க் வச்சு விண்ணப்பம் போட்டிருக்கேன். அப்பா குத்தகை விவசாயம். கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறேங்கிறார். டிஸ் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டுச் சேருன்னு எல்லாரும் சொல்றாங்க. சரிதானா?

வார்டு வராண்டா | 11 மே, இரவு 11.15

கண்ணை மூடிக்கிட்டு எங்கேயும் சேராதம்மா.

நான் எந்தக் கல்லூரியிலயும் பாடம் எடுக்கறவ இல்லை. சென்னையில ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர், பெரும்பாலும் டயாலிசிஸ் பக்கம். வருஷா வருஷம் பல கல்லூரிகள்லேர்ந்து பிள்ளைங்க ஃபீல்டு ஒர்க்குக்கு எங்ககிட்ட வருவாங்க, அவங்களுக்கு ஏஜென்சி (களப்பயிற்சி கொடுக்கிற இடம்) பக்கத்து சூப்பர்வைசர் நான்தான். அதனால ஒரு டிபார்ட்மென்ட்டை நான் அளக்கறது, அவங்க அனுப்புற பிள்ளைங்களை வச்சு, அந்தப் பிள்ளைங்களைப் பார்க்க வர்ற வாத்தியார்களை வச்சு.

எம்.எஸ்.டபிள்யூ.ல வகுப்பு பாதின்னா களம் பாதி. பொதுவா வாரத்துல ரெண்டு நாள் ஏஜென்சி, முதல் வருஷம் ஒரு கிராம முகாம், கடைசியில ஒரு மாசம் போல பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது தொடர்ந்து முழுநேரக் களப்பயிற்சி. அந்த நாட்கள்ல நீ பார்த்ததை எழுதிக் கொடுக்கும்போது அதை யாரு உட்கார்ந்து படிக்கிறாங்க? ஒரு கல்லூரிக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கு. பேரு, கட்டடம், நாக் கிரேடு எல்லாம் அதுக்கப்புறம்.

ஒரு பொண்ணு பிளாக்குக்கு வந்திருந்தா, தென்மாவட்டத்துச் சின்னக் கல்லூரி. எங்ககிட்ட ஒருத்தர் வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்கு வரணும், அடிக்கடி ஒண்ணைத் தவற விட்டுடுவார். கேஸ் ஷீட்டுல 'நான்-கம்ப்ளையன்ட்', அதாவது சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்னு எழுதியாச்சு. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கு, சிகிச்சைக்குக் காசு இல்லை, அப்புறம் வர்றதுக்கு என்னன்னு எல்லாருக்கும் கோபம். இவ அவர் பக்கத்துலயே டயாலிசிஸ் முடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தா. வீடு கும்மிடிப்பூண்டி தாண்டி. கூட வர்ற மனைவிக்கு அன்னிக்குக் கூலி போயிடும். இவ்வளவையும் ரிப்போர்ட்டுல எழுதி அனுப்பினா. அவங்க கல்லூரி மேடம் படிச்சுட்டு ஃபோன் பண்ணி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அந்தம்மாகிட்ட தனியாப் பேசினியா? அவங்க சொன்னது ஒரு வரி கூட இதுல இல்லையே." மறுபடி போய்ப் பேசினா. வாரத்துல ரெண்டு நாள் லீவு போட்டா மேஸ்திரி அடுத்த வாரம் கூப்பிடறதே இல்லைன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. அவருக்கு நேரத்தைச் சாயங்கால ஷிஃப்டுக்கு மாத்திக் கொடுத்தோம். அதுக்கப்புறம் ஒழுங்கா வர ஆரம்பிச்சார்.

அதே சமயத்துல பேர் பெற்ற இடம் ஒண்ணுலேர்ந்து ஒரு பையன் வந்தான், புத்திசாலிப் பையன். அவன் கல்லூரியிலேர்ந்து செமஸ்டர் முடியற வரைக்கும் யாரும் வரல. கடைசியில வருகைப் பதிவுக்கு சீல் வேணும்னு மட்டும் ஃபோன் வந்தது. ரிப்போர்ட் பக்கம் பக்கமா இருந்தது, அதுல நோயாளி ஒருத்தரும் இல்லை. அந்தப் பையன் மேல எனக்கு வருத்தம் இல்லை. அவனைக் கேள்வி கேட்க ஆள் இல்லாம விட்டுட்டாங்களேன்னுதான் இன்னமும் மனசு ஆறல.

வார்டு வராண்டா | 12 மே, காலை 6.50

ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒருத்தர் நம்பர் வாங்கு. போன செமஸ்டர்ல ஐ.சி. ஒழுங்கா நடந்துச்சான்னு கேளு. (ஐ.சி.ன்னா இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ். ஃபேகல்டி சூப்பர்வைசரும் நீயும் மட்டும் உட்கார்ந்து ரிப்போர்ட் பேசறது.) அப்புறம், கடைசி ரிப்போர்ட்டுல மேடமோ சாரோ என்ன எழுதிக் கொடுத்தாங்கன்னு கேளு. முழு வாக்கியமா ஒரு பதில் வந்தா அந்த டிபார்ட்மென்ட்டை நம்பலாம். 'குட்'னு எழுதிக் கையெழுத்துப் போடுவாங்கன்னு வந்தா யோசிக்கணும்.

வார்டு வராண்டா | 12 மே, இரவு 10.05

கடன் பத்தி. அப்பா சொல்றது பாசத்துல. நீ கணக்குல பார்க்கணும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல சோஷியல் ஒர்க்கர் வேலைக்கு விளம்பரம் வரும்போது பாரு. மிஷன் வாத்சல்யாங்கிற மத்திய அரசுக் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டக் கணக்குல மாசம் 18,536 ரூபாய், ஒப்பந்த வேலை. ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சிலர்) அதே தொகைதான். இது கேவலமான வேலைன்னு சொல்ல வரல, நம்ம துறையிலேயே அர்த்தமுள்ள வேலைகள்ல அது ஒண்ணு. ஆனா அந்தச் சம்பளத்துல வாடகை, சாப்பாடு, வீட்டுக்குக் கொஞ்சம்னு போனப்புறம் கடன் தவணைக்கு என்ன மிஞ்சும்? பெரிய கடனோட வர்ற பிள்ளை, கிடைச்ச முதல் கம்பெனி வேலையைப் பிடிச்சுக்கும். ஆசைப்பட்ட மனநலம் அப்படியே நின்னு போயிடும். இதை நான் நிறையப் பார்த்துட்டேன்.

அதனால உதவி பெறும் பிரிவைச் சாதாரணமா நினைக்காதே. ரெண்டுலயும் அதே பட்டம்தான், ஆனா சுயநிதிக்கும் இதுக்கும் கட்டணத்துல இருக்கிற இடைவெளி உன் முதல் ரெண்டு வருஷ வேலையை நீ தேர்ந்தெடுக்கிறதா, கடன் தேர்ந்தெடுக்கிறதான்னு தீர்மானிச்சிடும்.

வார்டு வராண்டா | 13 மே, மதியம் 1.20

மேல ஒரு சார் "எச்.ஆர். எடுத்தா வாழ்க்கை செட்டில், மத்ததெல்லாம் வீண்"னு எழுதியிருக்கார். சார், எச்.ஆர். (மனிதவள மேலாண்மை) நம்ம படிப்புக்குள்ள ஒரு பிரிவா வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கணும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற ஆலையில தொழிலாளர் நல அலுவலர் இருக்கணும்னு சொல்லிச்சு. தொழிலாளிக்குக் கழிவறை, உணவகம், குழந்தைகள் காப்பகம் இருக்கான்னு பார்க்கிற ஆள். அந்த வேலைக்கு சமூகப்பணி படிச்சவங்க போனாங்க. அது நல்ல மரபு. இன்னிக்கு அந்தப் பிரிவுல சேர்ற பிள்ளைங்கள்ல தொழிலாளி பக்கம் நிக்கணும்னு நினைக்கிறவங்க இருந்தா மனசாரப் போகட்டும்.

இந்தப் பொண்ணு கேட்டது அது இல்லையே சார்.

ஆனா அவர் சொன்னதுலேர்ந்து உனக்கு ஒரு உபயோகமான விஷயம் இருக்கு, போளூர். நம்ம ஊர்க் கல்லூரிகள்ல பெரும்பாலும் முதல் வருஷம் எல்லாருக்கும் பொது, ரெண்டாம் வருஷம்தான் பிரிவு. எச்.ஆர். பக்கம் கூட்டம் சேர்ந்துட்டா மெடிக்கல் சைக்கியாட்ரிக்குக்கு ஆள் குறையும். கையேட்டுல நாலு பிரிவு போட்டிருக்கும். போன வருஷம் நெஜமாவே எது நடந்துச்சுன்னு கேட்டுட்டுச் சேரு.

வார்டு வராண்டா | 15 மே, இரவு 9.30

"எம்.பில். ஒழிச்சாச்சு, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் இனி கிடையாது"ன்னு ஒருத்தர் போட்டிருக்கார். பாதிதான் சரி. விவரமா எழுதறேன், ஏன்னா போளூரோட ஆசைக்கு இதுதான் முக்கியம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் யாருன்னு வரையறுக்குது: சமூகப்பணியில முதுகலை, அதுக்கு மேல ரெண்டு வருஷ முழுநேர எம்.பில்., மேற்பார்வையோட மருத்துவமனைப் பயிற்சி. பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கிற தேசிய மனநல நிறுவனத்துல பிள்ளைங்க போட்டி போட்டுச் சேர்றது இதுக்குத்தான். 2022-ல யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) எம்.பில். பட்டத்தை நிறுத்தினது நிஜம். ஆனா 2024 ஜனவரியில கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் நீட்டிப்புக் கொடுத்தாங்க.

இப்ப உன் கணக்கைப் போடு. 2025-ல சேர்ந்தா 2027-ல எம்.எஸ்.டபிள்யூ. முடிப்பே. அறிவிச்ச நீட்டிப்பு அதுக்கு முன்னாடியே முடியுது. "எம்.எஸ்.டபிள்யூ. எங்க படிச்சா என்ன, அப்புறம் எம்.பில்.ல சரி பண்ணிக்கலாம்"ங்கிற பழைய யோசனையை நம்பி எந்த இடத்தையும் எடுக்காதே. இந்த ரெண்டு வருஷத்துக்குள்ளயே மனநல ஏஜென்சியில நல்ல மேற்பார்வையோட வேலை கத்துக்கிற இடம் எதுன்னு பாரு.

இன்னொண்ணு. வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு, நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் இருக்கு. நமக்குன்னு இந்தியாவுல அப்படி ஒரு கவுன்சில் இல்லை. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியல்ல சேர்த்திருக்கு, அது நல்ல ஆரம்பம். மத்தபடி ஒரு கல்லூரி களப்பணியை ஒழுங்கா நடத்துதான்னு கதவைத் தட்டிப் பார்க்கிற தொழில் கவுன்சில் இல்லாததால, அந்த வேலை உன் தலையில விழுது. அதான் சீனியரைக் கேளுன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

போளூர்ப் பொண்ணு | 16 மே, காலை 8.10

எல்லாம் படிச்சேன் அக்கா. டிஸ் பத்தி மட்டும் நீங்க ஒண்ணுமே சொல்லலையே?

வார்டு வராண்டா | 16 மே, இரவு 10.45

சொல்றேன்மா. முதல்ல, "டிஸ்நெட் எழுதினியா"ன்னு உன்னைக் கேட்கறவங்களுக்கு: அது டிஸ் தனியா நடத்தின நுழைவுத் தேர்வு, பழைய முறை. 2024 சேர்க்கையிலேர்ந்து சி.யூ.இ.டி. வழியாத்தான். நீ பண்ணினது சரி.

டிஸ் 1936-ல சர் தோராப்ஜி டாடா பேர்ல ஆரம்பிச்ச பள்ளி, இந்தியாவுல சமூகப்பணிக்கு முதல் கல்வி நிலையம். நம்ம எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952, மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பிச்சது. ரெண்டுக்கும் வயசும் மரியாதையும் உண்டு. டிஸ்ல மனநலம், பொதுச் சுகாதாரம், ஊனமுற்றோர், தலித் பழங்குடி ஆய்வுன்னு சேரும்போதே தனித்தனிப் படிப்பா எடுக்கலாம். நூலகம், வாத்தியார்கள், நாட்டுல எல்லா மூலையிலேர்ந்தும் வர்ற வகுப்புத் தோழர்கள். குறைச்சுச் சொல்ல ஒண்ணும் இல்லை.

எனக்கு இருக்கிற தயக்கம் வேற, மொழிதான். வகுப்பு ஆங்கிலத்துல நடக்கும், நீ சமாளிச்சிடுவே. களம் இந்தியிலயும் மராத்தியிலயும் இருக்கும். மனநல வார்டுல ஒரு அம்மா ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு நிறுத்தினா, அந்த நிறுத்தம் என்னன்னு புரிய மொழி வேணும். மொழிபெயர்க்க ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு கேஸ் ஒர்க் பண்றது பாதி வேலைதான். தாராவியில திருநெல்வேலிக் குடும்பங்கள் தலைமுறையா இருக்காங்க, அங்க போட்டா உனக்குத் தமிழ் உதவும். ஆனா எங்க போடுவாங்கங்கிறது உன் கையில இல்லை.

அடுத்தது செலவு. மும்பையில இருந்து படிக்கிற செலவு கட்டணத்தோட முடியாது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை வச்சுத்தான் அங்க நிறைய முதல் தலைமுறைப் பிள்ளைங்க படிச்சாங்க. அவங்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை நிறுத்தினப்போ 2018 பிப்ரவரியில மாணவர்கள் வகுப்பைப் புறக்கணிச்சுப் போராடினாங்க. உனக்கு எந்த உதவித்தொகைக்குத் தகுதி இருந்தாலும், பணம் எப்ப வரும், அது வர்ற வரைக்கும் கட்டணம் கட்டச் சொல்லுவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கு.

வார்டு வராண்டா | 17 மே, காலை 7.00

திருவாரூரை இதுவரைக்கும் யாரும் பேசல. மத்தியப் பல்கலைக்கழகம், கட்டணம் தாங்கும், விடுதி இருக்கு. பக்கத்துலயே அரசு மருத்துவக் கல்லூரி. நீ கம்யூனிட்டி டெவலப்மென்ட்னு சொல்லியிருந்தா நான் முதல்ல அதைத்தான் கையைக் காட்டியிருப்பேன். விவசாயக் கூலிகளோட வாழ்க்கை, காவிரித் தண்ணி, 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கரையில நடந்த வேலைகள், இதையெல்லாம் கத்துக்க டெல்டாவை விட்டா வேற இடம் ஏது? மனநலத்துக்குன்னு பார்த்தா சென்னை அளவுக்கு விதவிதமான ஏஜென்சி சுத்துவட்டாரத்துல இல்லை.

சென்னையோட பலமே அதுதான். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அண்ணா நகர்ல ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்பு, அப்புறம் வீடில்லாம மனநலம் பாதிச்ச பெண்களுக்காக ஆரம்பிச்ச பேனியன். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல பேனியனை ஆரம்பிச்சாங்க; வந்தனா எழும்பூர்ல எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவங்கதான். படிக்கும்போதே இந்த மாதிரி வாசல்களுக்குள்ள போய் வர முடியறது லேசான விஷயம் இல்லை.

வார்டு வராண்டா | 19 மே, இரவு 11.30

மொழி பத்தி மூணு நாள் முன்னாடி எழுதினதை மறுபடி யோசிச்சேன். டிஸ்ல படிச்ச என் ஜூனியர் ஒருத்தி இப்ப அரசாங்கத் திட்டம் ஒண்ணுல இருக்கா, அவகிட்ட இன்னிக்கு ரொம்ப நேரம் பேசினேன். விருதுநகர் பக்கத்துப் பொண்ணு, போகும்போது இந்தியில எண்ணக்கூடத் தெரியாது.

அவ சொன்னா: "அக்கா, பேச வராததால நான் பார்க்கக் கத்துக்கிட்டேன். யார் யார் பக்கத்துல உட்கார்றாங்க, யார் கடைசியில சாப்பிடறாங்க, யார் பேச ஆரம்பிச்சா மத்தவங்க எழுந்து போறாங்க. முதல் செமஸ்டர் முழுக்க என் ரிப்போர்ட்டுல அதுதான். என் சூப்பர்வைசர் அதை மதிச்சாங்க." ஆறேழு மாசத்துல இந்தி வந்துடுச்சாம். வகுப்புல மணிப்பூர், ஜார்கண்ட், காஷ்மீர்ப் பிள்ளைங்களோட உட்கார்ந்து வாதாடினதுல, தன் ஊர் ஜாதியைப் பத்தித் தனக்கு இருந்த மௌனம் உடைஞ்சதுன்னு சொன்னா. அதை நம்ம ஊர்லயே படிச்சிருந்தா தான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்னும் சொன்னா.

இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்லை. மொழியை ஒரு தடைன்னு மட்டும் பார்த்து உன்னைப் பயமுறுத்தக் கூடாது. அவளுக்கு நல்ல சூப்பர்வைசர் கிடைச்சாங்க, அது என் பழைய பேச்சுக்கே வந்து சேருது. ஆனா ஊரை விட்டுத் தூரமா, தன்னை யாருக்கும் தெரியாத இடத்துல ரெண்டு வருஷம் இருக்கிறதுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு. அதுவும் ஒரு பொண்ணுக்கு. உதவித்தொகை உறுதியாச்சுன்னா டிஸ்ஸைத் தள்ளாதேன்னுதான் இப்ப சொல்வேன்.

வார்டு வராண்டா | 20 மே, மதியம் 2.15

இந்தப் படிப்பை வச்சு அமெரிக்கா போக முடியுமான்னு கேட்ட தம்பிக்குச் சுருக்கமா: அங்க எம்.எஸ்.டபிள்யூ.க்கு சி.எஸ்.டபிள்யூ.இ.ங்கிற அமைப்பு அங்கீகாரம் கொடுக்குது, களப்பணி குறைஞ்சது 900 மணி நேரம்னு வரையறை உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்க்கிறதும் அதே அமைப்பு நடத்துற சேவைதான். இங்கிலாந்துல வேலை செய்யணும்னா சோஷியல் ஒர்க் இங்கிலாந்துன்னு ஒரு பதிவு அமைப்பு, 2019 டிசம்பர்லேர்ந்து. எங்க போகணும்னாலும் இங்க நீ செஞ்ச களப்பணி மணி நேரத்துக்குக் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்று கையில இருக்கணும். ரெக்கார்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்கப்பா.

போளூர்ப் பொண்ணு | 8 ஜூன், இரவு 8.25

அக்கா, அப்பாவோட திருச்சிக்கும் சென்னைக்கும் நேர்ல போய்ட்டு வந்தேன். சென்னையில ஆபீஸ்லயே கட்டண ரசீது பத்தி மட்டும் பேசி அனுப்பிட்டாங்க, டிபார்ட்மென்ட் பக்கம் யாரையும் பார்க்க முடியல. திருச்சியில ஒரு சீனியர் அக்கா அவங்க ரெக்கார்டையே காட்டினாங்க. ஓரமெல்லாம் சிவப்பு மை. ஒரு இடத்துல "குடும்பம் அக்கறையில்லாதது என்று எழுதியிருக்கிறாய், எதைப் பார்த்து?"ன்னு எழுதியிருந்தது. மெடிக்கல் சைக்கியாட்ரிக் போன வருஷம் நடந்திருக்கு, சின்ன பேட்ச்தான். டிஸ்ல அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, ஆனா உதவித்தொகை பத்தித் தெளிவான பதில் வரல. அப்பா, "நீ அந்தச் சிவப்பு மையை ரெண்டு தடவை படிச்சே, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்"னார். திருச்சிக்குப் பணம் கட்டிட்டேன்.

வார்டு வராண்டா | 8 ஜூன், இரவு 8.50

ரொம்ப சந்தோஷம்மா. அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லு.

வார்டு வராண்டா | 8 ஜூன், இரவு 11.55

தூக்கம் வரல, அதனால இன்னும் கொஞ்சம்.

டிஸ் போயிருக்கலாமோன்னு உனக்கு நடுவுல தோணும். முக்கியமா முதல் செமஸ்டர்ல, கூடப் படிக்கிறவங்க பாதிப் பேர் எச்.ஆர். பத்தியே பேசும்போது. அந்த ஜூனியர் சொன்ன தூரம் உனக்கு இப்ப கிடைக்காது, அதை நான் மறைக்க விரும்பல. அதுக்குப் பதிலா பிளாக் பிளேஸ்மென்ட்டை வெளி மாநிலத்துல கேளு. முதல் வருஷக் கோடை விடுமுறையிலயும் எங்கேயாவது போ, வீட்டுல உட்கார்ந்துடாதே. திருச்சி ஒண்ணும் சின்ன ஊர் இல்லை, அரசு மருத்துவமனை இருக்கு, மத்தியச் சிறை இருக்கு, கொட்டப்பட்டுல இலங்கை அகதிகள் முகாம் இருக்கு. மனநலம்னா மனநல மருத்துவமனை மட்டும்னு நினைக்காம முதல் வருஷம் முகாமோ சிறையோ கேட்டு வாங்கு. பிற்பாடு வார்டுல உட்காரும்போது அது எவ்வளவு உதவும்னு அப்பத் தெரியும்.

வார்டு வராண்டா | 9 ஜூன், காலை 6.30

ரிப்போர்ட் எழுதறது பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பார்த்தது, கேட்டது, நீ நினைக்கிறது, மூணையும் ஒரே பத்தியில கலக்காதே. நோயாளி பேரை ரிப்போர்ட்டுல எழுதாதே, முதல் எழுத்துகூட வேண்டாம், சின்ன ஊர்ல அதுவே போதும் ஆளைக் கண்டுபிடிக்க. அன்னிக்கு ராத்திரியே எழுதிடு. மறுநாள் எழுதினா அவங்க சொன்ன வார்த்தை போய் உன் வார்த்தை வந்துடும்.

எங்க ஆஸ்பத்திரிக்கு பிளாக் வரணும்னு தோணினா, ரெண்டாம் வருஷம் டிசம்பருக்குள்ள டிபார்ட்மென்ட் கடிதம் வந்துடணும். நாங்க ஒரு சமயத்துல ரெண்டு பேரைத்தான் எடுப்போம், ஜனவரியில கேட்டா இடம் இருக்காது.